பதினொரு அடி

பம்பலப்பிட்டியில், காலி வீதியின் கடற்பக்கம்
இரண்டாம் மாடியில் வாத்தியக் கடை.
முதலாம் மாடியில் பல் டொக்டர்.
ஆகவே ஒரு நிபந்தனை:
கீழே யாரேனும் வாயைத் திறந்திருக்கையில்
மேலே யாரும் ட்ரம் அடிக்கக் கூடாது.

றிஸ்மி நானா கைபேசியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொல்கிறார்:
“கேட்டுட்டன். நாலு நிமிசம் தாறாங்களாம். அடிங்க.”

மூன்று ஸ்னேர்கள்.
உருக்கு, பித்தளை, மேப்பிள் மரம்.
வியாழக்கிழமை ரெக்கோர்டிங்.
என் பழையதின் வளையம்
தெஹிவளைக் கலியாணமொன்றில்
பைலா இரண்டாவது மணித்தியாலத்தைத் தாண்டியபோது நெளிந்துபோனது.
அன்றிலிருந்து அது
பிஸ்கட் டின்னுக்குள் விழும் கரண்டி.

ஷெரோமியின் பாட்டோ மிக மெதுவானது.
முழுப்பாட்டுக்கும் எனக்குப் பதினொரு அடிதான்.
எண்ணிப் பார்த்துவிட்டேன்.
கலியாண வீட்டில் அதைப் பத்து விநாடியில் செலவழிப்பேன்.

உருக்கை அடித்தேன்.
கண்ணாடி அலுமாரிக்குள் புல்லாங்குழல்கள் உருண்டன.
பித்தளை,
அடி முடிந்த பிறகும் போகவில்லை.
செருப்பைப் போட்டுக்கொண்டபின்னும்
வாசலில் நின்று கதைக்கிற விருந்தாளி மாதிரி.
பிடித்துவிட்டது. விலையைக் கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
மேப்பிளுக்குக் குச்சியை ஓங்கினேன்,
“பொறுங்க பொறுங்க, ஊசி போடுறாராம்.”

காத்திருந்தோம்.
பின்பக்கம் கரையோர ரயில் போனது.
எவரும் தொடாமலே
மூன்றின் அடிவயிற்றுக் கம்பிகளும் சிலிர்த்தன.
ரயிலிடம் யார் போய்ச் சொல்வது,
கீழே ஒருவர் வாயைத் திறந்திருக்கிறார் என்று?

அனுமதி வந்தது.
மேப்பிளை மரியாதைக்கு நாலு தட்டுத் தட்டிவிட்டு
பித்தளைக்குக் காசெடுக்கப் படியிறங்கினேன்.

படித்திருப்பத்தில் ஒரு மனிதர்.
வீங்கிய கன்னம், வாயில் பஞ்சு.
என் பையில் துருத்திய குச்சிகளைப் பார்த்தார்.
கூரையைக் காட்டினார்.
பிறகு மூன்று விரல்களை நிமிர்த்தி
தலையை ஒருமுறை அசைத்துவிட்டு
கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

மூன்றாவதா?

நான் திரும்ப ஏறவில்லை.
றிஸ்மி நானாவுக்கு அழைத்து
“அதே வரிசையில் நீங்களே அடியுங்கோ” என்றேன்,
பல் டொக்டரின் காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்தேன்.
மேசைப் பிள்ளை கேட்டாள்: “என்ன நம்பர்?”
“எனக்குப் பல்லில்லை” என்றேன்.
அவள் என் வாயைப் பார்த்தாள்.

மேலே உருக்கு:
யாரோ சாவியைத் தவறவிட்டார்கள்.
பித்தளை:
அந்த நீண்ட மினுக்கமெல்லாம் மேல்மாடியிலேயே தங்கிவிட்டது.
கொங்கிரீட்டைக் கடந்து வந்தது ஒரு ‘டக்’ மட்டும்,
பக்கத்து வீட்டு மீற்றர்ப் பெட்டியை மூடுகிற ‘டக்’.
மேப்பிள் இறங்கி வந்தது.
அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.
மீன்தொட்டியருகே அழுதுகொண்டிருந்த பொடியன்
மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தி
அண்ணாந்து பார்த்தான்.

றிஸ்மி நானாவின் கை மோசம்.
அப்படியிருந்தும் வந்தது.

வியாழன் இரவு, இரத்மலானை.
இந்துனில் இரண்டு மைக்கை நகர்த்தி நகர்த்தி வைத்தான்.
துவான் ஃபாரிஸ் பேஸில் கீழ்க் கம்பியைத் தொடும்போதெல்லாம்
என் ஸ்னேர் சும்மா கிடந்தபடியே சிணுங்கியது.
“கம்பியை இறுக்கு, இல்லாவிட்டால் டேப் ஒட்டு” என்றான்.
இறுக்கினேன். செத்துப்போனது.
தளர்த்தினேன்.
ஷெரோமி கண்ணாடிக்கு அப்பாலிருந்து
அப்படியே விடு என்று கைகாட்டினாள்.

ஒன்பதாவது அடி சற்றுப் பிந்திவிட்டது.
அதையும் விட்டுவிட்டோம்.

வீடு போகையில், ஓட்டோவில்,
மடியில் பழைய ஸ்னேரும் காலிடையில் புதியதுமாக
கொள்ளுப்பிட்டிக்கு வருமுன் ஒரு சந்தேகம் வந்தது.
அந்த மனிதர் காட்டிய மூன்று,
பிடுங்கிய பற்களின் கணக்காகவும் இருக்கலாம்.